சேமி பட்டன் காணாமல் போன நெல் மண்டி ஃபார்ம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் போகிற வழியில் ஒரு தனியார் நெல் மண்டி இருக்கிறது. விவசாயிகளிடம் நெல் வாங்கி அரவை மில்களுக்கு அனுப்புகிறார்கள். கொள்முதலைப் பதிய ஒரு சின்ன விண்டோஸ் மென்பொருள் வைத்திருந்தார்கள். குறுவை அறுவடை தொடங்கிய சமயம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட, புது லேப்டாப் வாங்கி அதில் மென்பொருளை ஏற்றினார்கள். எல்லாம் ஓடியது. 'சேமி' பட்டனை மட்டும் காணோம்.

முதலில் எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். சோர்ஸ் கோடு ஒரு பென் டிரைவில் இருந்தது. கும்பகோணத்தில் இந்த மாதிரி சில்லறை மென்பொருள் வேலைகள் செய்கிற என்னிடம் அது வந்து சேர்ந்தது. விஷுவல் ஸ்டுடியோவில், சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் எழுதியது. இதெல்லாம் பழசு என்பார்கள். உரக்கடை, மண்டி, அரிசி ஆலை என்று எங்கள் பக்கம் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் இப்படிப்பட்ட மென்பொருள்தான் நிறைய ஓடுகிறது. இணையம் போனாலும் நிற்காது என்பது அதற்குப் போதுமான காரணம்.

பட்டனை மட்டும் மறுபடி கண்ணுக்குக் கொண்டுவருவது பெரிய வேலையில்லை. அதைத் தேடப் போனபோது, கண்ட்ரோல்கள் (பட்டன், லேபிள், எழுதும் கட்டம் எல்லாமே கண்ட்ரோல்தான்) அந்த ஃபார்மில், அதாவது பதிவுத் திரையில், எந்த நியாயமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதனால் இந்த ஆய்வு பட்டனைத் தாண்டியும் போகும்.

மேஜையில் நடப்பது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கேட் மூடினால் வண்டிகள் வரிசை கட்டும். திறந்ததும் டிராக்டரும் மினி லாரியுமாக மொத்தமாக மண்டியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் பதிவு போடுகிறவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.

பதிவு போடுவது கணக்குப் பார்க்கும் அக்கா. வலது கை எண் விசைகளின் மேல், இடது கை டேப் விசையில். பட்டன் காணாமல் போன பிறகும் அவர் சேமித்துக்கொண்டுதான் இருந்தார். எப்படி என்று பின்னால் நின்று பார்த்தேன். விலையை அடித்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வாய்க்குள் எண்ணியபடி நான்கு முறை டேப் அழுத்தி, ஸ்பேஸ் பாரைத் தட்டினார். பதிவு சேமிக்கப்பட்டது. திரைக்கு வெளியே போய்விட்ட பட்டனுக்கும் ஃபோகஸ் (அடிக்கிற விசை போய்ச் சேரும் இடம்) போகும். ஸ்பேஸ் தட்டினால் அது அழுந்தும். அக்கா இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். எண்ணிக்கை ஒன்று கூடிப்போனால் ஆபத்து. சேமிக்கு அடுத்து இருந்தது 'அழி'.

"ரெண்டு தடவை அப்படி ஆயிடுச்சு தம்பி. வண்டிக்காரரை மறுபடி கூப்பிட்டு எடை கேட்டு எழுதினேன்."

நெல் வந்ததும் அவருக்கும் விவசாயிக்கும் நடக்கும் பேச்சு எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும். "எந்த ஊரு மாமா?" "என்ன ரகம்?" "எத்தனை மூட்டை?" அப்புறம் ஈரப்பதம் பார்க்கும் கருவியிலிருந்து ஒரு எண். அப்புறம் எடைச் சீட்டு. சாக்குக் கழிவு. கடைசியில்தான் விலை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றால் சிட்டா, அடங்கலில் தொடங்கும். 40 கிலோ சிப்பம், 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பும் இருக்கும், மழைக் காலத்தில் சில ஆண்டுகள் அதைத் தளர்த்துவார்கள். தனியார் மண்டியில் ஈரம் கூடினாலும் வாங்குவார்கள், விலையில் பிடிப்பார்கள். ஆக இந்த ஃபார்மின் உயிர்நாடி ஈரப்பதக் கட்டம்.

அந்தக் கட்டம் இருந்த இடம் வலது கீழ் மூலை. ஃபார்மின் தலையில் தேதி, ரசீது எண், பெயர், முகவரி, கைபேசி, வங்கி, கணக்கு எண், கிளைக் குறியீடு. நெல்லைப் பற்றிய முதல் கட்டத்துக்கு வருவதற்குள் எட்டு கட்டம் தாண்ட வேண்டும். இன்னொரு கூத்து: ரகத்திலிருந்து டேப் அழுத்தினால் கர்சர் மேலே கைபேசி எண்ணுக்குத் தாவியது. அங்கிருந்து மூட்டைக்கு.

பட்டன் எங்கே போனது

லேப்டாப் திரை 1366×768. எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று அக்கா சொல்ல, முதலாளியின் மகன் விண்டோஸில் அளவை 125 சதவீதமாக மாற்றியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த மென்பொருள், திரையின் அளவு மாறுவதைத் தனக்குத் தெரியும் என்று விண்டோஸிடம் அறிவிக்காத ரகம். அப்படிப்பட்ட மென்பொருளுக்கு விண்டோஸ் சின்னத் திரை இருப்பதாகக் காட்டி, அது வரைந்ததைப் படமாக இழுத்துப் பெரிதாக்கும். எழுத்து மங்கலாகத் தெரிந்தது அதனால்தான். 1366-ஐ 1.25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1093; 768-ஐ வகுத்தால் 614. மென்பொருளின் கண்ணுக்குத் திரை அவ்வளவுதான்.

ஃபார்மை வடிவமைத்த இடத்தில் 1920×1080 திரை இருந்திருக்க வேண்டும். உயரம் 720, சேமி பட்டன் மேலிருந்து 668-இல். ஓரத்தைப் பிடித்து இழுக்க முடியாத பார்டர், ஸ்க்ரோல் கிடையாது. 668-இல் இருக்கும் பட்டன் 614 உயரத் திரையில் எப்படித் தெரியும்?

அளவைப் பழையபடி 100 ஆக்கினால் பட்டன் வந்துவிடும், அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆட்டோ ஸ்க்ரோலை இயக்கினால் ஓரத்தில் ஒரு பட்டை வரும்; கேட் திறந்த நேரத்தில் யார் அதை இழுத்துக்கொண்டிருப்பது? இரண்டையும் ஒதுக்கினேன்.

டிசைனர் (விஷுவல் ஸ்டுடியோவில் ஃபார்மை வரைகிற பகுதி) தானாக எழுதி வைத்திருந்த கோப்பைத் திறந்தபோது இன்னொரு கதை கிடைத்தது. முதன்மை ஃபார்மில் பட்டன்கள் 75×23. அது டிசைனரின் இயல்பான அளவு. விற்பவர் விவர ஃபார்மில் எல்லாப் பட்டன்களும் 100×28. யாரும் யோசித்து இப்படி வைத்திருக்க மாட்டார்கள். அளவீட்டு வரியைப் பார்த்தால் ஒன்றில் 6, 13. மற்றதில் 8, 16. முதலாவது 100 சதவீதத் திரையின் எழுத்து அளவு, இரண்டாவது 125 சதவீதத் திரையுடையது. அதாவது இரண்டாவது ஃபார்ம் எப்போதோ 125 சதவீதக் கம்ப்யூட்டர் ஒன்றில் திறந்து சேமிக்கப்பட்டிருக்கிறது. டிசைனர் எல்லா அளவையும் பெருக்கி எழுதிவிட்டது. பிறகு யாரோ, திரைக்குத் தக்கபடி அளவை மாற்றும் ஆட்டோ ஸ்கேல் மோடை 'நன்' (எதுவும் வேண்டாம்) ஆக்கியதால் அந்தப் பெருத்த அளவு அப்படியே உறைந்துவிட்டது. விஷுவல் ஸ்டுடியோ இதை முன்கூட்டியே எச்சரிக்கிறது: திரை அளவு கூடியிருந்தால் டிசைனரின் மேல் ஒரு மஞ்சள் பட்டை வந்து, 100 சதவீதத்தில் மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்கும். பலரும் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள்.

இடது ஓரங்களும் 131, 132, 134 என்று கிடந்தன. மவுஸால் இழுத்து, கண்ணளவில் விட்டதன் அடையாளம். கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை இழுத்து வைத்த கண்ட்ரோல், இழுத்தவருடைய திரைக்கு மட்டும்தான் நேர். எழுத்துருவோ திரையோ மாறினால் அதற்குப் பிடிமானம் ஏதும் கிடையாது. எதனோடு சேர்ந்து நிற்க வேண்டும், எது வளர்ந்தால் தான் நகர வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்தால்தான் நிற்கும். இந்த வேலை முழுக்க நான் செய்தது இதைத்தான்.

எழுத்துருவிலிருந்து தொடங்கியது

தமிழ் ஃபார்மில் முதலில் எழுத்துருவை முடிவு செய்ய வேண்டும், கண்ட்ரோல்களை அப்புறம்தான் தொட வேண்டும் என்பது என் பிடிவாதம். பழைய ஃபார்ம் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25-இல் இருந்தது. அதில் தமிழே இல்லை. விண்டோஸ் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். லேபிள்களுக்கு, எழுத்துக்குத் தக்கபடி அளவு மாறும் ஆட்டோ சைஸை அணைத்து, 90 அகலம் என்று கட்டிப் போட்டிருந்தார்கள். 'விற்பவர் பெயர்' என்பது 'விற்பவர் பெ' என்று நின்றது. சில இடங்களில் 'கு', 'ழு' போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது.

ஃபார்முக்கே நிர்மலா யுஐ 11 என்று வைத்தேன். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. ஃபார்மின் எழுத்துரு உள்ளே இருக்கும் கண்ட்ரோல்களுக்குத் தானாக இறங்கும், ஆனால் தனியாக எழுத்துரு வைக்கப்பட்ட கண்ட்ரோலுக்கு இறங்காது. அப்படிப்பட்டவை பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் தடித்த எழுத்தில் தெரியும். வலது சொடுக்கி 'ரீசெட்' கொடுத்தால் வழிக்கு வரும். லேபிள்களில் பாதிக்கு மேல் அந்த நிலையில் இருந்தன.

எழுத்துரு பெரிதானதும் ஒற்றை வரி டெக்ஸ்ட்பாக்ஸ்களும் தானாக உயர்ந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இழுத்து இழுத்து இடைவெளி விடலாம். நாளைக்கு எழுத்து 12 ஆனால் மறுபடி இழுக்க வேண்டும். அதனால் கண்ட்ரோல்களை அட்டவணை மாதிரி கட்டம் கட்டமாக அடுக்கும் டேபிள் லேஅவுட் பேனலுக்குப் போனேன்.

லேபிளுக்கு ஒரு நெடுவரிசை, ஆட்டோ சைஸ். அதாவது மிக நீளமான தமிழ் லேபிள் எவ்வளவோ அவ்வளவு அகலம். கட்டத்துக்கு ஒரு நெடுவரிசை, மிச்ச அகலமெல்லாம் அதற்கு. கிடைவரிசைகளும் ஆட்டோ சைஸ். ஒவ்வொரு டெக்ஸ்ட்பாக்ஸுக்கும் ஆங்க்கர் (எந்த ஓரத்தைப் பிடித்து நிற்க வேண்டும் என்பது) இடது, வலது இரண்டும். லேபிளுக்கு இடது மட்டும். மேலும் கீழும் பிடிக்காமல் விட்டால், பேனலின் கட்டத்துக்குள் கண்ட்ரோல் செங்குத்தில் தானாக நடுவில் நிற்கும். லேபிளும் அதன் கட்டமும் ஒரே மட்டத்தில் வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

பேனலுக்கு வெளியே இருந்த சில கண்ட்ரோல்களுக்கு ஸ்னாப் லைன் போதும். நடவுக்குக் கயிறு பிடிப்பது மாதிரி, இழுக்கும்போதே நீலக் கோடு ஓரங்களைக் காட்டும். எழுத்தின் அடிமட்டம் சேரும்போது வேறு நிறத்தில் ஒரு கோடு. அம்பு விசையால் நகர்த்தினால் ஒவ்வொரு புள்ளியாகப் போகும். பலவற்றை ஒரே ஓரத்தில் சேர்க்க ஃபார்மேட் மெனுவின் அலைன். முதலில் எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதன் ஓரத்துக்குத்தான் மற்றவை வந்து சேரும். இது தெரியாமல் சரியாக இருந்ததையும் கோணலாக்கியவர்கள் உண்டு.

வரிசை

கட்டங்களின் வரிசையை அக்காவின் பேச்சு வரிசைக்கே மாற்றினேன். ஊர் கேட்கும் இடத்தில் மட்டும் கைபேசி எண். பழைய ஆளாக இருந்தால் பெயரும் ஊரும் வங்கி விவரமும் தானாக வந்துவிடும். புது ஆள் என்றால் மட்டும் தனி ஃபார்ம் திறக்கும். அடுத்து ரகம், மூட்டை, ஈரப்பதம், எடை, சாக்குக் கழிவு, விலை.

இங்கே டேபிள் லேஅவுட் பேனலில் ஒரு பொறி இருக்கிறது. டேப் அழுத்தினால் அடுத்து எது என்று சொல்லும் டேப் இண்டெக்ஸ் எண், கண்ட்ரோல்களை எந்த வரிசையில் போட்டோமோ அப்படித்தான் விழும். பிறகு கட்டம் மாற்றி வைத்தாலும் எண் கூடவே மாறாது. கண்ணுக்கு ரகத்தின் கீழே மூட்டை இருக்கும். டேப் அழுத்தினால் எங்கேயோ போகும். பழைய ஃபார்மில் கைபேசி எண்ணுக்குத் தாவியதும் இந்த மாதிரிதான்: யாரோ நடுவில் அந்தக் கட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள், எண்ணைப் பார்க்கவில்லை. வியூ மெனுவில் டேப் ஆர்டரைத் திறந்தால் ஒவ்வொரு கண்ட்ரோலின் தலையிலும் எண் தெரியும். வேண்டிய வரிசையில் சொடுக்கிக்கொண்டே போகலாம். நிகர எடை, மொத்தத் தொகை இரண்டும் கணக்கிட்டு வருபவை, கையால் அடிப்பதில்லை. அவற்றில் டேப் நிற்காதபடி டேப் ஸ்டாப்பை அணைத்தேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "என்டர் அடிச்சா அடுத்ததுக்குப் போகுமா தம்பி?" வலது கை எண் விசைகளில் இருக்கிறது, என்டரும் அங்கேயே இருக்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் சேமி பட்டனை அக்சப்ட் பட்டன், அதாவது என்டர் அடித்தாலே அழுந்தும் பட்டன், என்று வைக்கவில்லை. வைத்தால், என்டர் எங்கே அடித்தாலும் பாதிப் பதிவு சேமிக்கப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக, என்டர் அழுத்தினால் அடுத்த கண்ட்ரோலுக்குப் போகும்படி சில வரிகள் எழுதினேன். சேமிக்க எஃப்9.

அடுத்தது மவுஸ். ஆடுதுறை 43 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, சுட்டி அந்தப் பட்டியலின் மேலேயே இருக்கும்போது சக்கரம் உருண்டால் ரகம் மாறிவிடும். ஆடுதுறை 43-க்கு அடுத்து ஆடுதுறை 45, அதற்கடுத்து சி.ஆர். 1009. விலை வேறு வேறு. காம்போ பாக்ஸ் என்கிற இந்த விரியும் பட்டியலின் இயல்பே அது, பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மேஜையில் அது காசு. பட்டியல் மூடியிருக்கும்போது சக்கரத்தைக் கண்டுகொள்ளாதபடி செய்தேன். எடைக்கும் மூட்டைக்கும் இருந்த மேல்-கீழ் அம்பு வைத்த எண் கட்டங்களுக்கும் இதே வியாதி. அவற்றை எடுத்துவிட்டு, வலப்பக்கம் ஒட்டி எழுத்து வரும் சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ் வைத்தேன்.

டாக்கும் முதலாளியும்

கீழே பட்டன்களுக்கு ஒரு பேனல், டாக் கீழ், அதாவது அடி ஓரத்தில் ஒட்டி நிற்பது. அன்றைய பதிவுகளை அட்டவணையாகக் காட்டும் கிரிட், டாக் ஃபில், அதாவது மிச்ச இடத்தை நிரப்புவது. திரை எவ்வளவு சிறியதானாலும் கிரிட் சுருங்கும், பட்டன் வரிசை அடியில் ஒட்டியே நிற்கும். முதல் தடவை ஓட்டியபோது கிரிட்டின் கடைசி வரி பேனலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. டாக் செய்யும்போது பின்னால் இருக்கும் கண்ட்ரோல்தான் முதலில் இடம் பிடிக்கும். மிச்சத்தை நிரப்ப வேண்டியது எல்லாருக்கும் முன்னால் இருக்க வேண்டும். கிரிட்டைத் தேர்ந்தெடுத்து 'பிரிங் டு ஃபிரண்ட்' கொடுத்ததும் சரியாயிற்று. ஃபார்மின் குறைந்தபட்ச அளவை 1000×540 என்று வைத்து, ஓரத்தைப் பிடித்து இழுக்கும்படியும் மாற்றினேன். மென்பொருளைப் பற்றி விண்டோஸிடம் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் திரை அளவு பற்றிய அறிவிப்பைச் சேர்த்து, ஆட்டோ ஸ்கேல் மோடை எழுத்துருப்படி என்று திருப்பியதில் மங்கலும் போனது.

முதலாளிக்கு ஃபார்மின் தலையில் பெரிய விநாயகர் படம் வேண்டும். பழைய ஃபார்மில் அது 120 உயரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 540-இல் 120 போனால் கிரிட்டில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கத்தின் மேலே என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "உ போடுவோம்." டைட்டில் பாரில் மண்டிப் பெயருக்கு முன்னால் உ போட்டுக் கொடுத்தேன். சம்மதித்துவிட்டார்.

மிச்சப்பட்ட இடத்தில் மொத்தத் தொகையைப் பெரிய எழுத்தில், மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி வைக்கலாம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அக்காதான் பதில் சொன்னார்: "எப்படியும் திரும்பத் திரும்பக் கேட்பாங்க அண்ணே. தெரிஞ்சா பேசாம நிப்பாங்க." வைத்தாயிற்று. சேமி பச்சை, அழி சிவப்பு என்ற முதலாளியின் நிறங்களையும் ஏற்றுக்கொண்டேன். அழியை மட்டும் சேமிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, பேனலின் எதிர்க் கோடியில், கேட்டுவிட்டு அழிக்கும்படி வைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் ஃபார்மேட் மெனுவில் 'லாக் கண்ட்ரோல்ஸ்'. டிசைனரில் ஒன்றைச் சொடுக்கப் போய் கை தவறி இழுத்துவிடுவது எல்லாருக்கும் நடக்கும்.

சம்பாவில்

குறுவை அந்த ஃபார்மிலேயே முடிந்தது. சம்பா நெல் வரத் தொடங்கியதும் ஒரு புதுத் தேவை வந்தது: ஒரே வண்டியில் ஒரே ரகம், ஆனால் களத்தில் காய்ந்தது பாதி, காயாதது பாதி. இரண்டு ஈரப்பதம், இரண்டு விலை. இதற்கு 'இன்னொரு பகுதி' என்று ஒரு தேர்வுப் பெட்டியும், அதை அழுத்தினால் மட்டும் தெரியும் மூன்று வரிகளும் சேர்த்தேன். ஆட்டோ சைஸ் கிடைவரிசையில் கண்ட்ரோல் மறைந்திருந்தால் அதன் உயரமும் மறையும். தேவைப்படாதபோது அந்த இடம் கிரிட்டுக்கே போய்விடும். மற்ற எந்தக் கண்ட்ரோலையும் தொட வேண்டியிருக்கவில்லை. டேப் ஆர்டரை மட்டும் ஒருமுறை திறந்து சொடுக்கினேன்.

அக்கா இப்போது எண்ணுவதில்லை. திரையைப் பார்க்காமல் என்டர் தட்டிக்கொண்டே போகிறார், ஈரப்பதத்தில் மட்டும் நிமிர்கிறார்.

விற்பவர் விவர ஃபார்ம் இன்னும் அந்த 100×28 பட்டன்களோடுதான் இருக்கிறது. புது ஆள் வந்தால் மட்டும் திறப்பது என்பதால் யாருக்கும் அவசரமில்லை. தாளடி நெல் எடுத்து முடித்ததும் அதைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. ரசீதின் அச்சு வடிவத்தையும் கூடவே பார்த்துவிடலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.